கறுப்பாகத் தெரிந்த இடம்

ஜூன் 11, புதன்

டீச்சருக்கு எழுபது, எனக்கு ஐம்பத்தைந்து. வழக்கம்போல் அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் இந்தத் தேர்வில் அதிகம் வாங்கியவர்தான் தோற்றவர்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்காக எங்கள் சங்கம் தென்காசியில் போன ஞாயிறு ஒரு மருத்துவ முகாம் நடத்தியது. இருவரும் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டோம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. வயதாக ஆக அவற்றின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. டீச்சருக்கு இடப்பக்கக் குழாயில் எழுபது சதவீதம் அடைப்பு. எனக்கு வலப்பக்கத்தில் ஐம்பத்தைந்து. இரண்டு தாளிலும் அடியில் ஒரே வரி: படிவின் தன்மையை அறிய விரிவான ஸ்கேன் தேவை.

இந்த நோட்டு டீச்சரின் உடல்நிலையைக் குறித்துவைக்க. நாளை எந்த டாக்டர் கேட்டாலும் தேதியோடும் நேரத்தோடும் காட்டலாம். அந்த டாக்டருக்காக ஒரு குறிப்பு: டீச்சர் என்பது என் மனைவி உலகம்மாள். ஒரே பள்ளியில் அவள் கணக்கு, நான் அறிவியல். கல்யாணத்துக்கு முன்பு எட்டு மாதம் அவள் என்னைச் சார் என்றாள், நான் அவளை டீச்சர் என்றேன். கல்யாணமான பிறகு மாற்றிப் பார்த்தோம். இரண்டே நாளில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடமாகப் பழைய பெயர்களே ஓடுகின்றன.

ஜூன் 12, வியாழன்

இன்று முதல் சமையல் என் பொறுப்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் பரண் ஏறின. தேங்காய்ப்பால் கூடாது என்பதால் சொதிக்கும் விடுமுறை. கீரையை உப்புப் போடாமல் வேகவைத்தேன்.

டீச்சர் ஒரு வாய் வைத்துவிட்டு, “இது கீரையா சார், போர்டு தொடச்ச தண்ணியா?” என்றாள்.

“ஒடம்புக்கு நல்லது.”

“எளுவது வாங்குனதும் நானு, பட்டினி கெடக்கதும் நானா? அம்பத்தஞ்சுக்கு ஒண்ணும் கெடையாதா?”

“பாஸ் பண்ணுனவன யாரு கேள்வி கேப்பா?” என்றேன். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஜூன் 14, சனி

காலை 6.40. பேப்பர் படிக்கும்போது வலது கண்ணில் மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் திரை இறங்கியது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பாரே, அப்படி. ஐந்து நிமிடத்தில் தானே ஏறிவிட்டது. வலி இல்லை. கண்ணாடி பழையது, மாற்ற வேண்டும்.

டீச்சரின் இரத்த அழுத்தம் 138/84.

ஜூன் 15, ஞாயிறு

சாரல். மதியம் டீச்சர் நன்றாகத் தூங்கினாள். இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். மூச்சு ஒழுங்கு.

ஜூன் 17, செவ்வாய்

மாடிக்குக் கிளம்பிய டீச்சரைப் பாதிப் படியில் பிடித்தேன்.

“துணி நனையுதுல்லா சார், வழிய விடுங்க.”

“நனையட்டும். எளுவது சதவீத அடைப்ப வச்சுக்கிட்டு படி ஏறுவியா?”

“அடைப்பு கழுத்துல. காலு நல்லாத்தான் இருக்கு.”

நம் பள்ளிக்கூடத்து மூன்றாம் மாடிக் குழாயை உதாரணமாகச் சொன்னேன். கீழே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மேலே சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதுபோலக் காலுக்கு வேலை கொடுத்தால் தலைக்கு...

“சார், நான் மனுசி. கட்டடம் இல்ல,” என்றாள்.

கடைசியில் நான்தான் போய் எடுத்துவந்தேன். போர்வை ஈரத்தில் கனத்தது. இறங்கி வரும்போது இடது கையிலிருந்து இரண்டு தடவை நழுவிப் படியில் விழுந்தது. ஈரத்துணி வழுக்கத்தான் செய்யும்.

ஜூன் 19, வியாழன்

கண்ணாடியைச் சோதிக்க எளிய முறை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் காலண்டரில் ராகு கால நேரத்தைப் படிக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். இன்று செய்துகொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் டீச்சர்.

“என்ன சார், கண்ணடிக்கிய?”

“காலண்டரப் பாக்கேன்.”

“அதுக்குப் போயி அடிப்பாவளா? ஆளு இங்கன நிக்கேன். இந்தப் பக்கம் அடிக்கது!”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்கேன் முடிவு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது இன்றுதான். அதைக் கெடுப்பானேன் என்று நான் விளக்கம் சொல்லவில்லை. சிரித்து முடித்த பிறகும் சற்று நேரம் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலை 10.20 முதல் 10.27 வரை. மறுபடி வலது கண். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். நானூற்றுப் பத்து எண்ணியபோது வெளிச்சம் திரும்பியது.

டீச்சரிடம் சொல்லவில்லை. ஏன் என்பதையும் எழுதிவைக்கிறேன். வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் அவளுக்கு விரிவான ஸ்கேன். இந்தச் சமயத்தில் நான் கண் என்று ஆரம்பித்தால் அவள் தன் கழுத்தை மறந்துவிடுவாள். பரீட்சை ஹாலில் ஒருவன் மயங்கி விழுந்து எல்லாரும் ஓடும்போது, பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்து எனக்குத் தலைவலி என்பானா? ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளிதான் இருக்க முடியும். தவிர, என்னுடையது வெறும் ஐம்பத்தைந்து.

ஸ்கேனுக்கு அவள் பெயரை மட்டும்தான் பதிந்திருந்தேன். சாயங்காலம் அவளே அந்த நம்பருக்குப் போன் செய்து என் பெயரையும் சேர்த்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன்.

“ரெண்டு தாள்லயும் ஒரே வரிதான எழுதியிருக்கு? ஒருத்தி மட்டும் பரீட்ச எழுதுனா அது என்ன நியாயம்?” என்றாள்.

ஜூன் 26, வியாழன். பாளையங்கோட்டை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சேர்க்கப்பட்டிருப்பது டீச்சர் இல்லை, நான்.

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். ஸ்கேன் எடுத்தவர் டாக்டர் ரஹ்மத் நிஷா. நாற்பது வயதிருக்கும், நிதானமானவர். முதலில் டீச்சர் படுத்தாள். கழுத்தில் குளிர்ந்த பசை தடவி, சோப்புக்கட்டி அளவுக் கருவி ஒன்றை அதன்மேல் நகர்த்தினார். நம் காதுக்கு எட்டாத ஒலியை அது உள்ளே அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. எதிரொலிப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒலி டீச்சரின் கழுத்துக்குள் போய்த் திரும்பியதை இன்றுதான் பார்த்தேன்.

திரையில் குழாய்ச் சுவரை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளைக் கட்டி. அதற்குப் பின்னால், வெயிலில் நிற்கும் மதிலுக்கு விழுவது போல நிழல். டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து நான். தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். வெள்ளையாக எதுவும் இல்லை. துடைத்துவிட்ட கரும்பலகை போலக் குழாய் முழுக்க ஒரே கறுப்பு.

“பாத்தியா டீச்சர், நம்மது எம்புட்டு சுத்தம்!” என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம் சார், கலர் போட்டுப் பாக்கறேன்,” என்று ஒரு பொத்தானை அழுத்தினார். இரத்தம் ஓடும் இடம் சிவப்பாகும் என்றார். கறுப்பு முழுவதும் சிவக்கும் என்று காத்திருந்தேன். பாதிதான் சிவந்தது. சிவப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி வளைந்து போனது. மீதிப் பாதி கறுப்பாகவே நின்றது. ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்த இடத்தில் ஏதோ இருந்தது.

பிறகு கணினியில் கணக்கிட்டார். இரத்தத்தின் கறுப்புக்குப் பூஜ்யம், குழாயின் வெளிச்சுவர் வெளுப்புக்கு நூற்றுத் தொண்ணூறு என்று வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் படிவுக்கு ஒரு எண் போடுகிறார்கள். டீச்சருக்கு எண்பத்திரண்டு. எனக்குப் பதினேழு.

“இதுல கொறஞ்சா நல்லதா, கூடுனா நல்லதா?” என்று டீச்சர் கேட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா?

“கூடுனா நல்லதும்மா. சுண்ணாம்பு ஒலியைத் திருப்பி அனுப்பிரும், அதான் வெள்ளையாத் தெரியுது. உங்களோடது பழசு, கெட்டியா இறுகிப்போச்சு. இப்போதைக்கு மாத்திரை போதும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்துக்கலாம். சாரோடது பெரும்பாலும் கொழுப்பு. கொழகொழன்னு இருக்கறதால ஒலி சரியாத் திரும்பலை. மேல மெல்லிசா ஒரு மூடிதான் இருக்கு. அது கிழிஞ்சா உள்ள இருக்கறது நேரா மூளைக்குப் போகும். அடைப்பு எவ்வளவுங்கறது மட்டும் முக்கியமில்ல சார், எதால ஆனதுங்கறதும் முக்கியம்.”

“டீச்சரோடது வெந்நீர்ப் பானையில படிஞ்ச காறை. என்னோடது பால் மேல ஆடை,” என்றேன்.

“அதேதான் சார்!” என்றார்.

சரியான உதாரணம் கிடைத்ததில் ஒரு நொடி மகிழ்ச்சி. எதற்கு உதாரணம் சொன்னேன் என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

டாக்டர் கருவியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இப்ப நான் கேக்கறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. ஒரு கண்ணு மட்டும் திடீர்னு மங்குச்சா? இடது கை பலம் இல்லாமப் போச்சா? கொஞ்ச நேரமா இருந்தாலும் சொல்லணும். ஒண்ணும் இல்லன்னா மாத்திரையில பாக்கலாம். அப்படி வந்திருந்தா ஆபரேஷன் பண்ணணும், அதுவும் சீக்கிரமா.”

“அப்படி ஒண்ணும் இல்ல,” என்றேன்.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“டாக்டர், இவிய ஒரு வாரமா காலண்டரப் பாத்துக் கண்ணடிக்காவ. நான் வெளையாட்டுன்னுதான் நெனச்சேன். அப்புறம் நின்னு எண்ணிப் பாத்தேன். வலது கண்ண மூடுனா ரெண்டு நொடியில தெறந்துருதாவ. இடது கண்ண மூடுனா இருவது, முப்பது வரைக்கும் போவுது. அப்பம் வலது கண்ணுமேலதான சந்தேகம்? போர்வையும் கையில நிக்காம விழுந்துச்சு. அடுக்களையில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். பையில ஒரு நோட்டு இருக்கு. எனக்காக எழுதுததாச் சொன்னாவ. நான் தொறந்து பாக்கல. ஆனா என் பிரசர எழுத அம்புட்டு நேரம் ஆவாது.”

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வாசித்தேன். “பதினாலாம் தேதி, காலை ஆறு நாற்பது, ஐந்து நிமிடம். இருபத்திரண்டாம் தேதி, பத்து இருபது, ஏழு நிமிடம்.” ஈரத்துணி என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன்.

“நிமிஷக் கணக்கோட எழுதி வச்சிருக்கீங்க சார். சொல்ல மட்டும் இல்ல,” என்றார் டாக்டர் ரஹ்மத் நிஷா. கோபமாகச் சொல்லவில்லை. உடனே அறுவை மருத்துவருக்குப் போன் போட்டார். வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். படியிறங்கவே விடவில்லை.

சாயங்காலம் டீச்சர் கேட்டாள்.

“ஏன் சார் சொல்லல?”

“பரீட்ச ஹால்ல ஒருத்தன் மயங்கி விழுந்துட்டாம்னு வையி...”

“உதாரணம் வேண்டாம். பதிலச் சொல்லுங்க.”

பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

டீச்சர் பேசவில்லை. இட்லி வாங்கி வந்தாள். சட்னியில் உப்பு ரொம்பக் கூடுதல், இதை நீ சாப்பிடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பேசவில்லை.

ஜூன் 28, சனி

அறுவை மருத்துவர் எட்வின் துரை வந்தார். கழுத்தைத் திறந்து, குழாயைச் சற்று நேரம் அடைத்து வைத்து, உள்ளே இருப்பதை வழித்து எடுத்துவிட்டுத் தைப்பார்களாம். திங்கட்கிழமை காலை.

“நூத்துக்கு எத்தன பேருக்குத் தப்பாப் போவும்?” இரண்டு நாளில் டீச்சர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி.

“ரெண்டு மூணு பேருக்குப் பக்கவாதம் வரலாம். சில பேருக்குக் குரல் கம்மும், பெரும்பாலும் சரியாகிரும்.”

“செய்யாம விட்டா?”

“இவர் மாதிரி ரெண்டு தடவை எச்சரிக்கை வந்தவங்களுக்கு, அதவிடப் பல மடங்கு.”

டீச்சர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எதையோ எழுதிப் பார்த்தாள். பிறகு, “செய்யுங்க,” என்றாள். என்னைக் கேட்கவில்லை.

எனக்கு முழு மயக்கம் தர மாட்டார்களாம். கழுத்தை மட்டும் மரக்கவைப்பார்கள். குழாயை அடைத்திருக்கும் நேரத்தில் மூளைக்கு இரத்தம் போதுகிறதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

“என்ன பேசணும்?” என்று கேட்டேன்.

“எது வேணாலும். வாத்தியார்தானே சார், பாடம் நடத்துங்க!” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “பயமா இருக்கா சார்?”

“நல்லாப் படிச்ச பையனுக்கும் பரீட்சைக்கு மொத நாளு வயித்துல ஒரு மாதிரி இருக்கும்லா, அது மாதிரி...”

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது.

ஜூன் 30, திங்கள்

இன்னும் ஒரு மணி நேரத்தில் அழைத்துப்போவார்கள். மகள் பவானி நேற்றே ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். பவானி, உனக்கு: அம்மாவின் மாத்திரையில் நீலப் பட்டை சாப்பாட்டுக்கு முன், வெள்ளை சாப்பாட்டுக்குப் பின். கேட்டால் போட்டுவிட்டேன் என்பாள். பட்டையை வாங்கி எண்ணிப் பார்.

ஜூலை 3, வியாழன்

கழுத்தில் தையல். குரல் பாதிதான் வருகிறது. கை எழுதுகிறது. கண் தெரிகிறது.

வழித்து எடுத்ததை டாக்டர் ஒரு குப்பியில் போட்டு டீச்சரிடம் காட்டினாராம். மஞ்சளாக, கூழாக, நடுவில் பழைய இரத்தத்தின் கறுப்போடு இருந்ததாம். மேல் மூடி ஓரிடத்தில் ஏற்கெனவே கிழிந்திருந்தது. கழுத்தைத் திறக்காமலே ஒலி அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறது.

அறுவை அறையில் நடந்ததை இன்றுதான் டீச்சரிடம் சொன்னேன்.

முகத்தின்மேல் பச்சைத் துணி. இடது கையில், அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து. கை பலமாக இருக்கிறதா என்று அந்தக் கீச்சை வைத்துக் கண்டுகொள்வார்கள். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர், முகம் தெரியாத ஓர் இளம் பெண். “இப்ப குழாயை அடைக்கிறாங்க சார். பேச ஆரம்பிங்க,” என்றார்.

எதிரொலிப் பாடத்தை எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. முப்பது வருடம் நடத்திய பாடம்.

“சார், பேச்சு நிக்கக் கூடாது. பேசுங்க.”

வாத்தை அமுக்கினேன், கத்தியது. வாய் திறக்கவில்லை. வார்த்தை நின்றது இரத்தக் குறைவாலா, வேறு எதனாலாவதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. “சார்? சார்?” என்று குரல் உயர்ந்தது. கழுத்துப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றதை உணர்ந்தேன்.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றேன்.

“ரொம்பத் தெளிவா இருக்கு சார்! இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“நல்லாக் கேக்குது. நிறுத்தாம சொல்லிட்டே இருங்க.”

சொல்லிக்கொண்டே இருந்தேன். டீச்சருக்கு எழுபது என்று தாளில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது என்றேன். அவளுக்கு முன்னால் நான் போய்விட்டால் மாத்திரையை யார் எண்ணுவார்கள் என்று பயம். அவள் முன்னால் போய்விட்டால் யாரை டீச்சர் என்று கூப்பிடுவேன் என்று பயம். கண் மங்கிய அன்றைக்கு வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு எண்ணினேனே, அது சோதனை இல்லை, பயத்தில் எண்ணியது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண், “சரி சார், அப்புறம்?” என்றார். நாற்பது நிமிடம். ஓர் உதாரணம்கூட வரவில்லை.

டீச்சர் முழுவதையும் கேட்டாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் வைத்துவிட்டாள்.

“முப்பத்தெட்டு வருசமா நான் கேக்கேன். ஒரு தடவ வாயத் தொறந்தியளா? அங்கன போயி, மொகம் தெரியாத பிள்ளைட்ட நாப்பது நிமிசம் சொல்லிட்டு வந்திருக்கிய.”

ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இங்கயும் ஒருக்க சொல்லுங்க.”

வந்த பாதிக் குரலில் சொன்னேன்.

டீச்சர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கும்,” என்றாள்.